எந்த ஆண்டு மிளகு இது?

பிரான்ஸில் ரோன் ஆற்றின் வடபகுதிக் கரையோரம் கோத்-ரோத்தி, எர்மித்தாஜ், கோர்னாஸ் என்று சில செங்குத்துச் சரிவுகள் இருக்கின்றன. அங்கே விளையும் சீரா என்ற கருந்திராட்சையில் எடுக்கும் வைனில் மிளகு வாசம் வீசுவதாக வைன் சுவைஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். 2008இல் அவுஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிறுவனத்தின் வேதியியலாளர்கள் அந்தப் பேச்சுக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதன் பெயர் ரொட்டண்டோன். ஒரு லீற்றர் சிவப்பு வைனில் 16 நானோகிராம் கலந்திருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆனால் சோதனைக்கு உட்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, நீரில் 4,000 நானோகிராம் கலந்து கொடுத்தபோதும் அந்த வாசம் தெரியவில்லை. அதே ரொட்டண்டோன் நம் அடுப்படி மிளகில் வைனில் இருப்பதைவிடப் பன்மடங்கு இருக்கிறது.

இதற்குப் பின் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. ஒரே தோட்டத்தில், ஒரே கொடியில், குளிர்ந்த ஆண்டுகளில் ரொட்டண்டோன் கூடுகிறது. வெப்பமான ஆண்டுகளில் குறைகிறது. ஆகவே ஒரு வைனில் மிளகு வாசம் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பது, அந்தத் திராட்சை கனிந்த ஆண்டின் வானிலையைப் பற்றிய தகவலாகவும் ஆகிறது. ரோன் கரை விவசாயி போத்தலின் மேல் ஆண்டை அச்சடிப்பதற்கு இப்படி ஒரு பொருள் உண்டு.

மிளகு வாசமடிக்கும் திராட்சைக்கு ஆண்டுக் கணக்கு எழுதுகிறார்கள். அந்த வாசத்தின் தாய்ப்பொருளான மிளகுக்கு அப்படி ஒரு கணக்கு உண்டா? இலங்கையின் முன்னணி மிளகு மாவட்டங்களுள் ஒன்று மாத்தளை. அங்கிருந்து புறப்படும் எந்தச் சாக்கிலும் ஆண்டு எழுதப்படுவதில்லை. எந்தச் சரிவில் காய்த்தது, எந்த மழைக்குப் பூத்தது என்ற தகவல் முதல் வியாபாரியின் தராசைத் தாண்டுவதில்லை. இந்தக் குறையால் யாருக்கு என்ன நட்டம், அதை நிரப்ப முடியுமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட விசாரணை.

முதலில் பிரான்ஸில் ஓர் ஆண்டை எப்படி எடைபோடுகிறார்கள் என்று பார்க்கலாம். போர்தோ பகுதியில் செப்டெம்பர், ஒக்டோபரில் திராட்சை பறித்து நொதிக்க வைக்கிறார்கள். அடுத்த வசந்தத்தில், வைன் இன்னும் மரப்பீப்பாயில் இருக்கும்போதே, உலகெங்கிலுமிருந்து வணிகர்களும் விமர்சகர்களும் வந்து மாதிரிகளைச் சுவைத்து மதிப்பெண் போடுகிறார்கள். போத்தலில் அடைக்க இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் இருக்கும். ஆனால் விலை அப்போதே பேசப்பட்டுவிடும். 1982ஆம் ஆண்டு வைனைப் புகழ்ந்து எழுதியதில்தான் ரொபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க விமர்சகரின் பெயர் உலகறிந்தது. நூற்றுக்கு இத்தனை என்று அவர் போட்ட மதிப்பெண் ஒரு தோட்டத்தின் வருமானத்தையே கூட்டிக் குறைக்கும் நிலை பின்னர் வந்தது.

இந்த நாக்குத் தீர்ப்புக்கு எதிராக ஒரு பொருளியலாளர் கணக்கோடு வந்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஓர்லி ஆஷன்ஃபெல்டர், போர்தோ வைன்களின் பழைய ஏல விலைகளை வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். குளிர்காலத்தில் எவ்வளவு மழை, கொடி வளரும் மாதங்களில் சராசரி வெப்பம் என்ன, பறிப்புக்கு முந்திய ஓகஸ்ட், செப்டெம்பரில் எவ்வளவு மழை என்ற மூன்றும் தெரிந்தால், சுவைத்துப் பார்க்காமலே ஓர் ஆண்டின் தரத்தைப் பெருமளவு ஊகிக்கலாம் என்றார். குளிர்கால மழையும் கோடை வெப்பமும் நன்மை. பறிப்புக்கால மழை தீமை. சுவைஞர்கள் கொதித்தார்கள். ஆனால் அந்தச் சமன்பாடு இன்றுவரை பாடநூல்களில் இருக்கிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர் பயன்படுத்திய மூன்று தகவல்களும் சாதாரண மழைமானியும் வெப்பமானியும் தருபவை. விளைச்சல் எந்த ஆண்டினது என்று யாரோ விடாமல் எழுதி வைத்திருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது.

இனி மாத்தளை. கண்டியிலிருந்து வடக்கே ஏறி இறங்கும் பாதையில் மலைநாடு முடிந்து உலர்வலயம் தொடங்கும் வாசலில் இருக்கிறது இந்த மாவட்டம். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. மலையின் மேற்குப் பக்கம் உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவ, அப்பால் லக்கல. வடக்கே நாவுல, தம்புள்ளை, கலேவெல என்று நிலம் தட்டையாகி வறண்டு போகிறது. சில மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் ஈரவலயம், இடைவலயம், உலர்வலயம் மூன்றையும் கடந்துவிடலாம். மழை ஒரு சரிவில் கொட்டும் நாளில் அடுத்த சரிவு வெயிலில் கிடக்கும். ரோன் கரையில் ஒரு சரிவுக்கும் அடுத்த சரிவுக்கும் வேறுபாடு சொல்கிறார்கள் என்றால், அதைவிடக் கூர்மையான வேறுபாடுகள் இங்கே உண்டு.

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து மலைநாட்டுக்குள் நுழைந்த இடமும் மாத்தளைதான். வழியில் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில். அந்த வரவின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்டில் மாத்தளையில்தான் நிறைவுற்றது. 1869இல் வந்த இலைத்துரு நோய் கோப்பியை அழித்த பிறகு இந்த மாவட்டம் கொக்கோ, தேயிலை, இறப்பர், வாசனைப் பயிர்கள் என்று பலவற்றைத் தொட்டது. இன்று மிளகு பெரும்பாலும் சிறு நிலக்காரர்களின் பயிர். பலா, கமுகு, சாதிக்காய், கராம்பு, கோப்பி எல்லாம் நெருங்கி நிற்கும் வீட்டுத்தோட்டத்தில், கிளிரிசீடியா மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் கொடி. கம்பனித் தோட்டங்களும் ஊடுபயிராக வளர்க்கின்றன. அங்கே பறிக்கும் கைகள் பெரும்பாலும் லயத்துக் கைகள். நிலவுரிமை இல்லாத லயத்துக் குடும்பத்துக்கு, மிளகு நல்ல விலைக்குப் போகும் ஆண்டும் போகாத ஆண்டும் ஒன்றுதான். தரம் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

மிளகில் ஆண்டு என்ற ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்கலாம். இருக்கிறது, திராட்சையில் இருப்பதைவிட வெளிப்படையாகவே இருக்கிறது. மிளகுக் கொடியின் வாழ்க்கை முழுவதும் மழையின் கால அட்டவணையில் நடக்கிறது. முதலில் ஒரு வறட்சி வேண்டும். சில வாரங்கள் மண் காய்ந்து, கொடி வளர்ச்சியை நிறுத்தி ஓய்ந்திருக்க வேண்டும். அதன் பிறகு பெய்யும் மழை பக்கக் கிளைகளில் புதுத் தளிரைக் கிளப்பும். ஒவ்வொரு புது இலைக்கும் எதிரே ஒரு பூச்சரம் தொங்கும். கேரளத்தில் நடந்த ஆய்வுகளின்படி, சுமார் 20 நாட்களுக்குள் 70 மில்லிமீற்றர் மழை கிடைத்தால் தளிர்ப்பும் பூப்பும் தொடங்கிவிடும். ஆனால் தொடங்கிய பிறகு மழை முறியக் கூடாது. அடுத்த பதினாறு வாரங்களில் சில நாள் வறட்சி குறுக்கிட்டாலும் விளைச்சல் விழுந்துவிடுகிறது. பூத்த சரம் உதிரும்; உதிராத சரத்திலும் மணிகள் இடைவெளி விட்டுப் பல்லுப்போன வாய்போல் நிற்கும்.

மகரந்தச் சேர்க்கைக்கும் மழைதான் உதவுகிறது. பயிரிடப்படும் மிளகு இனங்களில் ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருக்கின்றன. தொங்கும் சரத்தில் மேலிருந்து கீழாக வழியும் நீர்த்துளி மகரந்தத்தைச் சுமந்து அடுத்தடுத்த பூவுக்குக் கொண்டுபோகிறது. சாரல் மழை பெய்த பூக்காலமும், அடைமழை கொட்டிய பூக்காலமும், தூறி நின்றுவிட்ட பூக்காலமும் ஒரே மாதிரிச் சரத்தைத் தருவதில்லை. பூவிலிருந்து பறிப்புவரை ஆறு முதல் எட்டு மாதம் ஆகும். அந்தக் காலத்தின் பிற்பகுதியில் மணிக்குள் மாச்சத்து நிறைய வேண்டும். அப்போது நீர் போதாவிட்டால் மணி பருக்காமல் சுருங்கிப்போகும். கடைசியில், பறித்துக் காயவைக்கும் நாட்களில் வெயில் வேண்டும்.

ஆக, பூப்புக்கு முந்திய வறட்சி, பூப்பைத் தொடங்கிய மழையின் அளவு, அதன் பிறகு மழை முறிந்த நாட்கள், காயவைக்கும் வாரங்களின் வெயில். ஆஷன்ஃபெல்டர் போர்தோவுக்கு மூன்றைத் தேர்ந்தெடுத்தார். மாத்தளை மிளகுக்கு இந்த நான்கையும் பதிந்தால் ஒரு பருவத்தின் கதையில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். மாத்தளை, கண்டி போன்ற இடைநாட்டு மாவட்டங்களில் பொதுவாக ஆண்டுக்கு இரு பருவம் பறிப்பு நடக்கிறது. ஆண்டின் நடுவில் ஒன்று, ஆண்டு முடிவை ஒட்டி ஒன்று. எது பெரும்போகம், எது சிறுபோகம் என்பது சரிவுக்குச் சரிவு மாறும். 2016இன் பிற்பகுதியிலிருந்து 2017வரை நாட்டை வாட்டிய வறட்சி, பல பத்தாண்டுகளில் காணாத ஒன்று. அது மாத்தளையின் ஒவ்வொரு பக்கத்திலும் மிளகு மணியை எப்படி மாற்றியது என்று ஒரு விவசாயி தன் கொடியைக் காட்டிச் சொல்லலாம். சந்தைக்குப் போன சாக்கு அதைச் சொல்லாது.

மழை உருவாக்கிய தரத்தை மனிதக் கை காப்பாற்றவும் கூடும், கெடுக்கவும் கூடும். ஒரு சரத்தில் ஓரிரு மணி மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறும்போது பறிப்பதே சரியான பருவம் என்று ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் அறிவுறுத்தி வருகிறது. ஆனால் மாத்தளைக் கிராமங்களில் பெருமளவு மிளகு அதற்கு முன்பே கொடியை விட்டு இறங்கிவிடுகிறது. காரணம் சோம்பல் அல்ல. பிள்ளையின் பள்ளிச் செலவு, வைத்தியச் செலவு, கடைக் கடன் எல்லாம் மிளகு முற்றும்வரை காத்திருப்பதில்லை. திருட்டுப் பயம் இன்னொரு காரணம். முற்றிய மிளகு வேலியோரக் கொடியில் தொங்கினால் விடியுமுன் காணாமல் போகலாம். பிஞ்சாகப் பறித்தாலும் வாங்க ஆள் இருக்கும்போது, காத்திருந்து இழப்பதற்கு எந்தக் குடும்பமும் துணியாது.

பறித்த சரத்திலிருந்து மணியை உதிர்த்து, கொதிநீரில் சிறிது நேரம் முக்கி எடுத்துக் காயவைத்தால் தோல் ஒரே சீராகக் கறுக்கும், காய்வதும் விரைவாகும், மேலே ஒட்டிய அழுக்கும் போகும். மூன்று கிலோ பச்சை மிளகு ஏறத்தாழ ஒரு கிலோ உலர்மிளகாகும். ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் பூஞ்சை பிடிக்காது. சீமெந்துத் தளத்திலோ படங்கிலோ பரப்பினால் சுத்தம். மண் முற்றத்திலும் தார் ரோட்டோரத்திலும் பரப்பினால் கல்லும் மண்ணும் கோழி எச்சமும் சேரும். ஐரோப்பியச் சந்தை அதைத் திருப்பி அனுப்பும். இதெல்லாம் தெரியாத விவசாயி இல்லை. கொதிநீருக்கு விறகும், பரப்ப இடமும், மழை வந்தால் அள்ளி வைக்க ஆளும் வேண்டும் என்பதே சிக்கல்.

இப்போது மிளகு சந்தைக்கு வருகிறது. அங்கே மதிப்பீடு நடக்காமல் இல்லை; கண்டிப்பாகவே நடக்கிறது. வியாபாரி ஒரு கை அள்ளி எடை பார்ப்பார், உள்ளங்கையில் உருட்டி ஊதுவார், ஒரு மணியைக் கடித்து ஈரம் பார்ப்பார். பெரிய கொள்வனவாளரிடம் லீற்றர் அளவை இருக்கும். ஒரு லீற்றர் கொள்ளும் பாத்திரத்தில் தளர்வாக மிளகைக் கொட்டி நிறுத்தால் எத்தனை கிராம் என்பதே உலகெங்கும் மிளகின் முதல் சோதனை. 1972இல் தோன்றிய சர்வதேச மிளகு சமூகத்தில் இலங்கையும் உறுப்பு நாடு. அதன் தர அளவுகோலில் முதல் தரக் கறுப்பு மிளகு லீற்றருக்கு 550 கிராமுக்குக் குறையக் கூடாது. அடுத்த தரத்துக்கு 500 கிராம். அதோடு பொக்கு மணி எவ்வளவு, ஊசித்தலை போன்ற பிஞ்சு எவ்வளவு, பூஞ்சை பிடித்தது எவ்வளவு, மிளகல்லாத பொருள் எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஆய்வகத்தில் பொக்கைக் கண்டுபிடிக்க, அடர்த்தி கணித்துக் கலந்த மதுசாரக் கரைசலில் மிளகை இடுவார்கள். நிறைந்த மணி அமிழும், பொக்கு மிதக்கும்.

இவற்றுக்கு மேலே இருப்பது காரம். அதற்குக் காரணமான பைப்பரினை 1819இல் டென்மார்க் அறிவியலாளர் ஹன்ஸ் கிறிஸ்டியன் ஏர்ஸ்டெட் பிரித்தெடுத்தார். மின்னோட்டத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டவரும் அவர்தான். வாசம் வேறு கணக்கு. அது ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. இலங்கை மிளகில் பைப்பரின் கூடுதல் என்பதையே ஏற்றுமதி அபிவிருத்திச் சபை உலகச் சந்தையில் முன்வைக்கிறது.

இந்த இடத்தில் ஒரு முரண் இருக்கிறது. மிளகு மணி முற்ற முற்ற மாச்சத்து நிறைந்து எடை கூடுகிறது. ஆனால் எடைக்கு எடை பார்த்தால் பைப்பரினும் எண்ணெயும் முற்றாத மணியில்தான் கூடுதல். அரைத்துச் சாப்பிடவும் முழுமிளகாக விற்கவும் கனத்த மணி வேண்டும். காரமும் வாசமும் சேர்ந்த சாறான ஒலியோரெசினைப் பிரித்தெடுக்கும் ஆலைக்கு, மாச்சத்து நிறையாத பொக்கும் பிஞ்சுமே இலாபம். கொச்சியைச் சுற்றியுள்ள ஆலைகள் இலங்கையின் இலேசான, காரமான மிளகை விரும்பி வாங்குவது இதனால்தான். ஒரே விளைச்சலுக்கு இரண்டு நீதிபதிகள் இருக்கிறார்கள். ஒருவர் குறை என்று தள்ளுவதை மற்றவர் நிறை என்று எடுக்கிறார். இதில் தவறு ஒன்றுமில்லை. இரண்டாவது நீதிபதியின் தேவை மாத்தளை விவசாயிக்கு விளக்கப்படுவதில்லை என்பதே தவறு. அவன் கையிலிருந்து பிஞ்சு மிளகு ‘தரம் குறைந்தது’ என்ற பெயரில் விலை வெட்டப்பட்டுப் போகிறது. அதே மிளகு கடல் கடந்ததும் காரத்துக்காக மதிக்கப்படுகிறது. பைப்பரின் இத்தனை சதவீதம் என்று எழுதிய ஒரு தாள் அந்தச் சாக்கோடு போனால் அந்த விலை வெட்டு நியாயமா என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

வாங்குபவர் பக்கம் ஏறக்குறைய ஒரே நாடு என்பதும் விவசாயியின் கையைக் கட்டுகிறது. இலங்கை மிளகின் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் போகிறது. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் கீழ் ஆண்டுக்கு 2,500 தொன் மிளகுக்குத் தீர்வையில்லை. வியட்நாம் மிளகு இலங்கை வழியாகச் சுற்றி வருகிறது என்று கேரள, கர்நாடக விவசாயிகள் குரல் எழுப்பியதை அடுத்து, 2017 டிசெம்பரில் இந்தியா கிலோவுக்கு 500 இந்திய ரூபா என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை நிர்ணயித்தது. அதற்கும் குறைந்த விலையில் உலகச் சந்தையில் மிளகு கிடைத்த காலம் அது. இந்தத் தகராறில் மாத்தளையின் சிறு நிலக்காரர் பங்கு எடுக்கவில்லை. ஆனால் அதன் சுமை அவர் தலையிலும் விழுந்தது. தன் மிளகு எங்கே, எப்போது விளைந்தது என்பதற்குத் தாளில் சான்று இல்லாத ஊரால், அடுத்தவன் மிளகோடு தன் மிளகும் சேர்த்துச் சந்தேகிக்கப்படுவதைத் தடுக்க முடியாது. ஆண்டும் இடமும் எழுதுவது சுவைஞரின் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இந்த நிகழ்வை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கலப்படம் பற்றிய கவலை புதிதல்ல. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி தன் இயற்கை வரலாற்றில் இறாத்தலுக்குத் திப்பிலி 15 தினாரி, வெள்ளை மிளகு 7, கறுப்பு மிளகு 4 என்று விலை குறித்திருக்கிறார். மிளகோடு வேறு பழங்கள் கலக்கப்படுவதையும் சொல்கிறார். இன்று நம் ஊரில் பப்பாளி விதை. மூன்று வகைக்கு மூன்று விலை அன்றே இருந்தது. மிளகு விளைந்த இடத்துக்கும் பருவத்துக்கும் விலை இல்லை. இந்தக் கணக்கில் மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகளில் நாம் அதிகம் நகரவில்லை.

நகர்ந்தவர்களும் உண்டு. கம்போடியாவின் கம்போட் மிளகு உள்நாட்டுப் போரிலும் கெமர் ரூஜ் ஆட்சியிலும் ஏறக்குறைய அழிந்துபோனது. மீண்டும் நட்டவர்கள் 2010இல் தம் நாட்டிலும் 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் புவிசார் குறியீடு பெற்றார்கள். இன்று அந்தப் பெயர் பாரிஸ் சமையல்காரர்களுக்குத் தெரியும். விலையும் சாதாரண மிளகினதைவிடப் பன்மடங்கு. இலங்கையும் இந்தப் பாதை அறியாத நாடல்ல. 2022 பெப்ரவரியில் இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியது. இந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் குறியீடு அது. மிளகுக்கும் அப்படி ஒன்று வரலாம், வர வேண்டும். ஆனால் ‘இலங்கை மிளகு’ என்ற ஒரே பெயரில் எல்லாச் சரிவும் கரைந்துவிட்டால், மாத்தளைக்குக் கிடைப்பது குறைவே. பிரான்ஸ் 1935இல் சட்டம் போட்டுக் காத்தது ‘பிரெஞ்சு வைன்’ என்ற பொதுப்பெயரை அல்ல. தனித்தனிச் சரிவுகளின் பெயர்களை.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. வைன் தோட்டம் ஒரு குடும்பத்தின் கையில் பல ஏக்கராக இருக்கும்; அதன் வைன் அதன் பீப்பாயிலேயே இருக்கும். மாத்தளையில் ஒரு வீட்டில் பத்துக் கிலோ, அடுத்த வீட்டில் முப்பது கிலோ. எல்லாம் வியாபாரியின் கிட்டங்கியில் ஒன்றாகக் கொட்டிக் கலக்கப்படுகிறது. விலை ஏறும்வரை போன ஆண்டு மிளகைப் பதுக்கி வைத்து இந்த ஆண்டு மிளகோடு சேர்ப்பதும் உண்டு. மிளகுக்கு வயது ஏறினால் காரம் நிற்கும், வாசம் மெல்லப் போகும். வைனைப் போல் முதுமையில் மெருகேறும் பொருள் அல்ல அது. கலந்த மிளகுக்கு ஆண்டு எழுத முடியாது என்பது சரிதான். ஆனால் இந்த வாதம் முடிக்கும் இடத்தில்தான் என் வாதம் தொடங்குகிறது. ஒவ்வொரு சாக்குக்கும் சான்றிதழ் கேட்கவில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பொது அறிக்கை போதும். வீட்டுக்கு வீடு பிரித்துச் சொல்ல முடியாவிட்டாலும், இந்தப் பருவம் இரத்தோட்டைப் பக்கத்து மிளகு எப்படி, உக்குவளைப் பக்கத்து மிளகு எப்படி என்று சொல்ல முடியும்.

சொல்லக்கூடியவர்கள் மாத்தளையிலேயே இருக்கிறார்கள். 1972இல் சிறு ஏற்றுமதிப் பயிர்களுக்கென்று தொடங்கி, பின்னர் ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் எனப் பெயர் மாறிய அமைப்பின் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் இயங்குகிறது. திங்கிரால, கொஹுகும்புரேரால, பூட்டவேரால என்ற மூன்று கலப்பின மிளகு வகைகளை விவசாயிகளுக்குத் தந்தது இந்தத் திணைக்களம். கொடியைத் தெரிந்தவர்கள், நோயைத் தெரிந்தவர்கள், பைப்பரின் அளக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். பிரதேசத்துக்கு ஒரு மழைப்பதிவு, பறிப்புக் காலத்தில் பிரதேசத்துக்குச் சில மாதிரிகள், லீற்றர் எடை, பொக்கு விகிதம், ஈரம், எண்ணெய், பைப்பரின் ஆகியவை இருந்தால் பருவ முடிவில் இரண்டு பக்க அறிக்கை எழுதலாம். சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, கமநல சேவை நிலையங்களிலும் கொள்வனவு நிலையங்களிலும் ஒட்டலாம். பெரிய பணம் தேவையில்லை. பத்து ஆண்டு விடாமல் செய்தால், மாத்தளை மிளகுக்கு ஆஷன்ஃபெல்டர் எழுதியது போன்ற ஒரு சமன்பாட்டை இங்குள்ள மாணவர் ஒருவரே எழுதலாம்.

போர்தோவிடமிருந்து எதைப் படிக்கக் கூடாது என்பதும் தெளிவு. அங்கே இளம் வைனின் மாதிரியைத் தேர்ந்து தருவது விற்பவரே. ஆண்டைப் புகழ்வதில் வணிகருக்கும் பங்குண்டு, விமர்சகருக்கும் பங்குண்டு. ‘நூற்றாண்டின் சிறந்த ஆண்டு’ என்ற அறிவிப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, விலையை ஏற்றி, வாங்கியவரை ஏமாற்றியதும் உண்டு. மாத்தளையில் மதிப்பீடு ஏற்றுமதியாளர் சங்கத்தின் கையிலோ வாசனைத் தோட்டச் சுற்றுலாக் கடைகளின் கையிலோ போகக் கூடாது. மோசமான பருவத்தை மோசம் என்று எழுதும் துணிவும் உரிமையும் உள்ள பொது நிறுவனம் எழுத வேண்டும். வறட்சி ஆண்டில் பொக்கு கூடியது என்று அறிக்கையே சொன்னால், விலை வெட்டு விவசாயியின் கவனக்குறைவுக்குத் தண்டனையாக விழாது. காலநிலை இழப்புக்கு நிவாரணம் கேட்கும் ஆவணமாகவும் அந்தத் தாள் பயன்படும். அந்த ஒரு பயனுக்காகவே இதைச் செய்யலாம் என்பது என் முடிவு.

மழையின் ஒழுங்கு குலைந்து வரும் காலம் இது. வறட்சிக்குப் பிறகு மழை, மழைக்குப் பிறகு தொடர்மழை, பறிப்புக்கு வெயில் என்ற வரிசையை நம்பியே மிளகுக் கொடி பூக்கிறது. இப்போது எழுதத் தொடங்காவிட்டால், மாற்றத்துக்கு முந்திய மாத்தளை மிளகு எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் எஞ்சாது. இந்தப் பருவத்திலிருந்தே பதிவைத் தொடங்கும்படி திணைக்களத்தைக் கேட்டுக்கொள்கிறேன். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள்: கொழும்பிலோ, யாழ்ப்பாணத்திலோ, டொரொண்டோவிலோ அடுத்த முறை மிளகு வாங்கும்போது, இது எந்த ஊர்க் கொடியில், எந்தப் பருவத்தில் பறித்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், அவருக்கு விற்றவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.